எதையும் பெறவில்லை

என் ரத்தத்தை எடுத்து நுணுக்கமாகப் பரிசோதித்தால் அது ஒரு பெண்ணுடையது என்று வரும். மருத்துவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது என் மனைவியும் சிரித்தாள். மீசையைத் தடவியபடி நானும் சிரித்து வைத்தேன். முன்பு எனக்கு பி பாசிட்டிவ், இப்போது ஓ பாசிட்டிவ். டிரைவிங் லைசென்சில் இன்னும் பழையதுதான் இருக்கிறது. உடம்பில் ஓடுவது என் தங்கையின் ரத்தம். அவளுக்கு நான் என்ன செய்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நல்லவனாகக் காட்டிக்கொள்ளும் உத்தேசம் இல்லை, அதற்கு இதில் இடமும் இல்லை.

நாமக்கல் பக்கம் எனக்கு முட்டைக்கோழிப் பண்ணை. கோழி முட்டை போடும் வரை தீவனம் கிடைக்கும், நின்றுவிட்டால் கறிக்கு லாரி வரும். இதில் எனக்கு ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. நோய் பார்ப்பதற்காக அவ்வப்போது கோழிகளின் ரத்தத்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். இறக்கையைப் பிரித்துப் பிடித்து ஊசியைக் குத்துவார்கள். கோழியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. மனிதனிடம் மட்டும் இத்தனை கேள்வி எதற்கு என்று எனக்கு நோய் வரும் வரை நான் யோசித்ததே கிடையாது.

தங்கை என்னைவிட நான்கு வயது இளையவள். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். வாடகைக்கு இரண்டு அறை, சுவருக்கு அந்தப்பக்கம் பகலும் இரவும் தறிச் சத்தம். போனில் பேசினால் அவள் கத்தித்தான் பேசுவாள். சத்தமில்லாத இடத்தில் சின்னதாகச் சொந்த வீடு ஒன்று கட்ட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கிணற்றோரம் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவாள்.

அப்பா இறந்த மறுவருடம் அவளைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்து எத்தனையோ காலமாகிறது. அந்தச் சட்டத்துக்கு எங்கள் பக்கம் ஒரு பதில் வைத்திருக்கிறோம். அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். கூடப்பிறந்தவள் வந்து, இந்தச் சொத்தில் எனக்கு எந்தப் பாத்தியதையும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். போடாதவளுக்குப் பிறந்த வீட்டுக் கதவு சாத்திவிடும். என் தங்கை எங்கே போட வேண்டும் என்று மட்டும்தான் கேட்டாள். முடிந்ததும் ஓட்டலில் சாப்பாடு, ஒரு பட்டுச்சேலை. அதைக்கூட என் மனைவிதான் தேர்ந்தெடுத்தாள்.

இத்தனைக்கும் என் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவள் அவள். மாப்பிள்ளைக்கு இணையாக உடன்பிறந்தவளை உட்கார வைத்து எங்கள் பக்கம் செய்கிற சீர் அது. மடித்த கூறைச்சேலையின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள், மறுமுனையை நான் அக்குளில் இடுக்கிக்கொண்டேன். பெண்டாட்டி வந்தாலும் உன்னை விட்டுவிட மாட்டேன் என்று சபையறியச் சொல்வதாக அர்த்தம். வாயால் எதுவும் சொல்லத் தேவையில்லை, துணியைப் பிடித்தால் போதும். அந்த வசதியினால்தான் எங்கள் ஆட்கள் அந்தச் சீரை இன்னும் விடாமல் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நோய் சத்தமில்லாமல் வந்தது. பல் துலக்கினால் ரத்தம், எங்கும் இடிக்காமலேயே தொடையில் நீலத் திட்டுகள். பண்ணையிலிருந்து காரில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ரத்தம் ஊறுகிற மஜ்ஜையிலேயே புற்று என்றார்கள். மருந்து கொடுத்துக் கொஞ்சம் அடக்கினார்கள். முழுதாகக் குணமாக வேண்டுமானால் பொருத்தமான இன்னொருவருடைய ரத்த ஸ்டெம் செல்களை எனக்குள் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் அதிக நாள் இல்லை என்று மருத்துவர் நேராகச் சொன்னார். கூடப்பிறந்தவர்களை முதலில் பார்ப்பார்களாம். எனக்கு இருப்பது ஒருத்திதான்.

அவளுடையது பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்று வந்தது. என் மனைவி அந்த நிலையிலும், "நம்ம ரெண்டு பேருக்கும் சோசியரு ஆறுதானுங்க சொன்னாரு" என்றாள். தங்கை அதைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தாள்.

செல்களைக் கொடுப்பவரிடம் முதலில் ஓர் ஆலோசகர் தனியாகப் பேசுவார் என்றார்கள். அந்த அம்மா எங்களை ஒன்றாக உட்கார வைத்துச் சொன்ன ஒரு விஷயம் நினைவிருக்கிறது. செல்லுக்கு விலை கிடையாது, ஒரு ரூபாயும் கைமாறக் கூடாது, காசு என்று வந்துவிட்டால் இல்லாதவன் கொடுத்துக்கொண்டே இருப்பான், இருப்பவன் வாங்கிக்கொண்டே இருப்பான் என்றார். கடனுக்காகக் கிட்னி கொடுத்தவர்களின் கதை எங்கள் பக்கம் எல்லோரும் கேட்டதுதான். நான் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினேன்.

தங்கையை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ குடித்தோம். எனக்கு மரண பயம். அவள் உள்ளே போய், பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது. அவளுடைய கையைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்து வளர்ந்த பிறகு அவள் கையை நான் பிடித்தது அப்போதுதான்.

"அம்மிணி, கெணத்தோரத்து ஒரு ஏக்கரா உனக்குத்தான். நான் எந்திரிச்சு வந்த மாசமே எழுதிக் குடுத்தர்றேன். ஊடு கட்டிக்க" என்றேன்.

"இப்ப எதுக்குங்கண்ணா அந்தப் பேச்சு" என்றாள். ஆனால் டீயைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சரியான இடத்தில்தான் தொட்டிருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தது.

உள்ளே முக்கால் மணி நேரம் ஆயிற்று. சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாள். அவளுக்கு எதையும் என்னிடம் மறைக்கத் தெரியாது, நடந்ததெல்லாம் வரிசையாகச் சொன்னாள்.

"அந்தம்மா ரொம்பத் தங்கமானவங்கண்ணா. யாராச்சும் கட்டாயப்படுத்தறாங்களான்னு கேட்டாங்க. வேண்டாம்னு தோணுனா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, வெளிய நாங்களே ‘மருத்துவக் காரணத்தால முடியாது’ன்னு சொல்லிக்கறோம், என்ன காரணம்னு ஒருத்தருக்கும் சொல்ல மாட்டோம்கறாங்க. ஊட்டாளுககிட்டப் பேரு கெடாதாமா." மறுபடி சிரித்தாள். "அண்ணனுக்குக் குடுக்க மாட்டேன்னு எவளாச்சும் சொல்லுவாளாங்கண்ணா?"

"வேற என்ன கேட்டாங்க?"

"காசு, நகை, நெலம் ஏதாச்சும் தாரேன்னு சொல்லியிருக்காங்களான்னு கேட்டாங்க. அப்பிடி இருந்தா நிறுத்திப்போடுவாங்களாமா. இல்லீங்கன்னுட்டேன்."

"நல்லதாச் சொன்னே" என்றேன்.

கையெழுத்துப் போட்ட படிவத்தில் தமிழில் ஒரு வரி இருந்தது. இதற்காக நான் பணமோ பொருளோ சொத்தோ எதையும் பெறவில்லை, தருவதாக யாரும் எனக்கு வாக்களிக்கவும் இல்லை. அதன் நகல் ஒன்றை நான் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டேன். பண்ணை நடத்துகிறவனுக்குக் காகிதங்களைச் சேர்த்து வைப்பது கைப்பழக்கம்.

அதன்பிறகு என் மஜ்ஜையை மருந்து ஏற்றி அழித்தார்கள். அந்த மருந்து ஏறிய பிறகு தங்கை பின்வாங்கினால் நான் பிணம்தான், அதையும் அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ஐந்து நாள் ஊசி. எலும்புக்குள் இருக்கும் செல்களை ரத்தத்துக்குத் தள்ளும் ஊசி அது. இடுப்பு கழண்டு விழுகிற மாதிரி வலிக்கிறது என்று படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நடந்துகொண்டே இருந்தாளாம். அவள் கணவர் சொல்லித்தான் தெரியும். ஆறாம் நாள் இரண்டு கையிலும் ஊசி குத்தி, ஒரு கை வழியாக ரத்தத்தை எடுத்து இயந்திரத்தில் சுற்றி, வேண்டியதைப் பிரித்துக்கொண்டு மீதியை மறுகை வழியாக உள்ளே அனுப்பினார்கள். ஐந்து மணி நேரம். உதடெல்லாம் மரத்துப் போய்விட்டதாம். தக்காளிச் சாறு மாதிரி ஒரு பை வந்தது. அது சொட்டுச் சொட்டாக என் கழுத்துக் குழாயில் இறங்கியபோது நான் தூங்கிவிட்டேன்.

பிழைத்தேன். மூன்று மாதத்தில் வீடு, ஆறு மாதத்தில் பண்ணை. முடி முளைத்தது, மீசை முன்னைவிட அடர்த்தியாக வந்தது. ரத்தம் முழுக்கத் தங்கையின் செல்களே என்று பரிசோதனையில் வந்தது. நான் எழுந்து வந்த மாதம் போயிற்று, அடுத்த மாதமும் போயிற்று. அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அந்த ஒரு ஏக்கரில் புது ஷெட் போடலாம் என்று எனக்கு யோசனை வந்திருந்தது. தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது, லாரி வந்து திரும்ப இடம் இருக்கிறது. செத்துவிடுவோம் என்று நடுங்கியவன் கொடுத்த வாக்கைப் பிழைத்துக்கொண்டவன் எதற்குக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதைவிடக் கௌரவமாகச் சொல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கு வந்தவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள். கேட்கிற குரலிலேயே தப்புச் செய்கிறவள் மாதிரி ஒரு தயக்கம்.

"அண்ணா, அந்தக் கெணத்தோரம் சொன்னீங்கல்ல. இந்தத் தையில அஸ்திவாரம் போட்டா நல்லதுன்னு இவரு சொல்றாருங்க."

நான் உள்ளே போய் ஃபைலை எடுத்து வந்தேன். நகலை அவள் முன்னால் விரித்து அந்த வரியைக் காட்டினேன்.

"இங்க பாரு அம்மிணி. எதையும் பெறவில்லைன்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்கே. இப்ப நான் நெலத்த எழுதிக் குடுத்தா என்ன அர்த்தம்? காசுக்கு வித்த மாதிரி ஆயிரும். சட்டப்படி குத்தம், உன்னையும் புடிப்பாங்க என்னையும் புடிப்பாங்க. உன்ர நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் குனிந்து அந்த வரியைப் படித்தாள். முதல்முறையாக அப்போதுதான் ஒழுங்காகப் படித்தாளோ என்னவோ.

"உங்களுக்காகத்தானுங்கண்ணா அன்னிக்கு அவங்ககிட்ட யாரும் ஒண்ணும் தாரேன்னு சொல்லலைன்னேன்" என்றாள்.

"அதத்தான் நானும் சொல்றேன்."

"இந்தக் காயிதத்த நான் வெச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டு, நகலை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள். பொங்கல் நன்றாக வந்திருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னாள்.

ஒரு விஷயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பே வக்கீலிடம் கேட்டிருந்தேன். "தங்கச்சிக்கு அண்ணன் பாசத்துல ஒரு ஏக்கரா எழுதி வெச்சா எவன் வந்து கேக்கப் போறான்? உங்கப்பன் சொத்துதானே, அவங்களுக்கும் பங்கு இருந்ததுதானே" என்று அவர் சொல்லியிருந்தார். இல்லாதவனை இருப்பவன் சுரண்டிவிடக் கூடாது என்று எவரோ யோசித்து எழுதிய வரியை வைத்து நான் அவளை மடக்கினேன். பண்ணையில் அன்றைக்கு நல்ல உற்சாகமாக வேலை பார்த்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

ஷெட் எழும்பியது. பூஜைக்கு அவள் தட்டில் தேங்காய் பழம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். கிணற்றோரம் அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் தீவனத் தொட்டி வந்துவிட்டது. கொஞ்ச நேரம் இடம் தேடுகிறவள் மாதிரி பார்த்துவிட்டுப் பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாவது வருடம் வழக்கமான பரிசோதனைக்குப் போனேன். மருத்துவர் அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கையின் செல்கள் என் உடம்பில் குறைந்து வருகின்றன, பழைய செல்கள் தலைகாட்டுகின்றன என்றார். பயப்பட வேண்டாம், தங்கையின் வெள்ளணுக்களைக் கொஞ்சம் எடுத்து ஏற்றினால் அவை பழையதைப் பிடித்து அடக்கிவிட வாய்ப்பு இருக்கிறது, இந்த முறை ஊசிகூட வேண்டாம், இயந்திரத்தில் ஒருமுறை உட்கார்ந்தால் போதும் என்றார்.

அன்றைக்கே போன் செய்தேன். "வாரேனுங்கண்ணா" என்றாள். தறிச் சத்தத்துக்கு மேலே அந்த ஒரு வார்த்தை தெளிவாகக் கேட்டது.

மறுவாரம் அவளைக் கூட்டிப் போகக் காரை எடுக்கும் முன்னால், ஒரு ஏக்கரை அவள் பேருக்கு எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்தின் வரைவை வக்கீலிடம் வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டேன். ஷெட் இருக்கும் ஏக்கர் இல்லை. ரோட்டுப் பக்கம் தண்ணீர் ஏறாத வேறொரு ஏக்கர். உயிர் போகிற நேரத்திலும் கை அப்படித்தான் கணக்குப் போட்டது. சங்ககிரி தாண்டியதும் அதை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"இந்தத் தரம் நெசம் அம்மிணி. வந்ததும் பதிஞ்சரலாம்."

அவள் பத்திரத்தைப் பிரிக்கவில்லை. எடுத்து மறுபடியும் டேஷ்போர்டிலேயே வைத்தாள்.

"வேண்டாங்கண்ணா. அந்தம்மா கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்லி ஒருக்கா பட்டது போதுமுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். மீதி வழியெல்லாம் தைரியமாக ஓட்டினேன்.

அதே ஆலோசகர், அதே அறை. இந்த முறை பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு ரத்தம் எடுக்க, இன்னும் ஏதேதோ பார்க்க என்று அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். மத்தியானம் மருத்துவர் என்னைக் கூப்பிட்டார். நான் மட்டும் போய் உட்கார்ந்தேன்.

"உங்க தங்கச்சிகிட்ட இருந்து எடுக்க முடியாது. மருத்துவக் காரணம். அதுக்கு மேல நாங்க சொல்றதுக்கில்லை. அவங்களையும் வற்புறுத்திக் கேக்காதீங்க."

மூன்று வருடத்துக்கு முன் அவள் சிரித்துச் சிரித்துச் சொன்ன அதே வாக்கியம். மறைக்கத் தெரியாமல் அவளே என்னிடம் கொட்டிய ரகசியம். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இப்போது எல்லோரையும் போல நம்பியிருப்பேன்.

திரும்பி வரும்போது டீக்கடையில் நிறுத்தச் சொன்னாள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள், சர்க்கரை கம்மியாக.

"மருத்துவக் காரணத்தால முடியாதுன்னுட்டாங்கண்ணா" என்றாள். என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை.

பள்ளிபாளையத்தில் இறங்கும்போது குனிந்து ஜன்னல் வழியாகக் கேட்டாள். "புது ஷெட்டுல முட்டை நல்லா வருதுங்களாண்ணா?"

"வருது" என்றேன்.

"ஒடம்பப் பாத்துக்கங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தித் தீர்த்தேன். கூடப்பிறந்தவளே என்னைக் கொல்லப் பார்க்கிறாள், ஒரு ஏக்கருக்காகப் பழி வாங்குகிறாள், சாப்பிட்ட சோற்றுக்கு நன்றியில்லை என்று எதையெல்லாமோ சொன்னேன். மனைவி கடைசி வரை கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க, நெசமாவே ஆஸ்பத்திரில ஏதாச்சும் கண்டுபுடிச்சிருந்தா? அவங்களுக்கு ஒடம்புக்கு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பள்ளிபாளையம் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவளிடம் எனக்கு அது தோன்றவே இல்லை. என் தங்கைக்கு என்று தனியாக ஓர் உடம்பு இருக்கிறது, அதற்கு நோய் வரலாம் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

இப்போது மருந்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிப் பதிவேடுகளில் தேடினார்கள், பொருத்தம் கிடைக்கவில்லை. என் மகளுடையது பாதிப் பொருத்தம். அதில் ஆபத்து அதிகம், கடைசியில் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். அவளையும் அந்த அறையில் தனியாக உட்கார வைத்துக் கேட்பார்கள். அவள் என்ன சொல்வாள் என்று யோசிக்க எனக்குத் தைரியமில்லை, அத்தையைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும்.

மாதாமாதம் என் ரத்தத்தில் தங்கையின் பங்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அறிக்கை வருகிறது. வந்த அன்று சாயங்காலம் அவளே போன் செய்வாள். எப்படித்தான் நாளைக் கணக்கு வைத்திருக்கிறாளோ.

"இந்த மாசம் எவ்வளவுங்கண்ணா?"

நான் அறிக்கையைப் பார்த்து எண்ணைச் சொல்வேன். போன மாதத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

"அப்பிடீங்களா" என்பாள். பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். அவள் உடனே வைக்க மாட்டாள். நான் ஏதோ கேட்கப் போகிறேன் என்று காத்திருப்பவள் மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள்.

உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது அம்மிணி என்று கேட்க வாய் வரை வரும். நோய் என்று சொன்னால் இத்தனை மாதம் கேட்காமல் இருந்ததற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நல்லாத்தானுங்கண்ணா இருக்கேன் என்று சொன்னால் அன்றைக்கு அந்த அறையில் அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரிந்துவிடும். அதனால் நான் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் போனை வைத்துவிடுகிறாள்.